குழாயில் வந்தால் போதுமா?

தண்ணீரைப் பற்றி நம் சங்க அன்பர்களிடம் பேச்செடுத்தால் மூன்று விதமான பதில்தான் வருகிறது. "எங்களுக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர், கவலையில்லை" என்பார் ஒருவர். "எங்கள் பில்டிங்கில் நானூறு அடி போர், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார் இன்னொருவர். "நாங்கள் ஆர்.ஓ. வைத்துவிட்டோம்" என்பார் மூன்றாமவர். மூவரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்கிறார்களே தவிர, அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இந்த வித்தியாசத்தை உலகமே கவனிக்கத் தவறியதன் பலனை, நாம் பிழைக்க வந்த இந்த வங்க நாட்டில்தான் ஏராளமான ஏழைக் குடும்பங்கள் அனுபவித்தன. இன்றும் அனுபவிக்கின்றன. அதனால்தான் இதை எழுத நினைத்தேன்.

நான் மருத்துவன் அல்லன், விஞ்ஞானியும் அல்லன். சிவில் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் ஒர்க்ஸ் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, பம்ப் ஹவுஸ், குழாய், சாக்கடை, கூரை என்றே ஆயுளில் பெரும் பகுதியைக் கழித்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என்ஜினுக்கு ஊற்றும் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பரிசோதித்துப் பார்ப்பார்கள். பாய்லருக்குள் காரை படிந்தால் நிலக்கரி வீணாகும், குழாய் கெடும். இரும்புப் பாய்லருக்குக் காட்டிய அந்த அக்கறையில் பாதியையாவது நம் வயிற்றுக்குக் காட்டுகிறோமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் உலகக் கணக்கைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபை 2000-ல் வகுத்த இலக்குகளில் குடிநீரும் ஒன்று. ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் பரிசோதிப்பது நடக்கிற காரியமா? ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டார்கள். குழாய் நீர், அடிபம்பு, மூடிய கிணறு, மழை நீர்த் தொட்டி ஆகியவை 'மேம்பட்ட' ஆதாரங்கள்; குளம், ஆறு, திறந்த கிணறு ஆகியவை மேம்படாதவை. வீடு வீடாகப் போய், "தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கின்படி 2010-லேயே உலக மக்களில் 89 சதவீதம் பேருக்கு மேம்பட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது, இலக்கு முன்கூட்டியே நிறைவேறிவிட்டது என்று 2012-ல் அறிவித்தார்கள்.

பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 2015-க்குப் பிறகு அளவுகோலை மாற்றினார்கள். ஆதாரம் மேம்பட்டதாக இருந்தால் மட்டும் போதாது. வீட்டு எல்லைக்குள் இருக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் ஆர்சனிக், ஃபுளோரைடு போன்றவையும் இல்லாதிருக்க வேண்டும் என்றார்கள். இந்தப் புதிய அளவுகோலில் பார்த்தால், 2022-ல் உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. தண்ணீர் திடீரென்று கெட்டுவிடவில்லை. கேள்வி மாறியது, விடையும் மாறியது. பரீட்சையில் கேள்வி சுலபமாக இருந்தால் எல்லோரும் பாஸ்தான்!

இதற்கு வங்காளத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1884-ல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், காலரா கிருமியை இந்தக் கல்கத்தாவில்தான் ஆராய்ந்து உறுதி செய்தார். மக்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலேயே அதைக் கண்டார். குளத்து நீர் கொல்லும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஆகவே பின்னாளில் குளத்தை விட்டு நிலத்தடி நீருக்கு மாறுங்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். 1970-களில் யூனிசெஃப் முதலிய அமைப்புகளின் உதவியோடு வங்கதேசத்தில் அடிபம்புகள் ஏராளமாகப் போடப்பட்டன. மேற்கு வங்கத்திலும் டியூப்வெல்கள் பெருகின. நல்ல நோக்கம்தான். வயிற்றுப்போக்கால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. அடிபம்பு 'மேம்பட்ட' ஆதாரம். ஆனால் பூமிக்குள்ளிருந்து வரும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

1983-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் உடம்பில் மழைத்துளி விழுந்தாற்போன்ற கரும்புள்ளிகளையும், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த காய்ப்புகளையும் கண்டு, இது ஆர்சனிக் நஞ்சு என்று கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி பல ஆண்டுகள் கிராமம் கிராமமாகச் சென்று இந்தக் கொடுமையை வெளியுலகுக்கு எடுத்துக் காட்டினார். மால்டா, முர்ஷிதாபாத், நதியா, இரண்டு 24 பர்கானா மாவட்டங்கள் என்று பட்டியல் நீண்டது. தென் கொல்கத்தாவின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீரில் ஆர்சனிக் காணப்பட்டிருக்கிறது. 1993-ல் வங்கதேசத்திலும் அது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் 2000-ல் வந்த ஒரு கட்டுரை, ஒரு மக்கள் கூட்டமே நஞ்சுண்ட நிகழ்ச்சிகளில் வரலாற்றிலேயே பெரியது இது என்று எழுதியது.

அங்கே பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 50 லட்சம் அடிபம்புகளைப் பரிசோதித்து, ஆர்சனிக் வரம்பு மீறியவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் அடித்தார்கள். சுமார் 14 லட்சம் பம்புகள் சிவப்பாயின. பல இடங்களில் சிவப்புப் பம்புக்குச் சில அடி தள்ளியே பச்சைப் பம்பு இருந்தது. அதாவது, ஓர் ஊர்த் தண்ணீர் நல்லதா என்று கேட்பதில் அர்த்தமில்லை; ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே கேட்க வேண்டும். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்காக அடுத்த மீட்டரைப் பார்க்காமல் சிக்னல் கொடுப்பதில்லை அல்லவா?

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். குடிநீருக்கு எதிரிகள் இரண்டு வகை. ஒன்று கிருமி. அது இன்று இருக்கும், நாளை இராது. மழை பெய்தால் வரும், குழாய் உடைந்தால் வரும். இரண்டு மூன்று நாளிலோ சில வாரங்களிலோ ஆளைப் படுக்க வைத்துவிடும். கொதிக்க வைத்தால் சாகும். மற்றொன்று ஆர்சனிக், ஃபுளோரைடு போன்ற கரைந்த பொருள். அது நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்துத்தான் உடம்பில் தெரியும். கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் பயனில்லை. மேற்கு வங்கத்தில் புருலியா, பாங்குரா பக்கம் ஃபுளோரைடு. நம் ஊரில் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆர்சனிக் எவ்வளவு இருந்தால் தீங்கு? நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயம் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இதைக் கணக்காகச் சொன்னால் புரியாது. ரயில் பாஷையில் சொல்கிறேன். 2019 ஜூலையில் சென்னையின் தாகம் தீர்க்க ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் விட்டார்கள். ஒரு வண்டிக்கு 50 வேகன், ஒரு வேகனில் சுமார் 50,000 லிட்டர். அப்படிப்பட்ட ஒரு வேகன் நிறைய நல்ல தண்ணீரை வரம்பைத் தொட வைக்க 500 மில்லிகிராம் ஆர்சனிக் போதும். காய்ச்சலுக்குப் போடும் ஒரு பாராசிடமால் மாத்திரையில் இருக்கும் மருந்தின் அளவு அவ்வளவுதான்! இதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, ஒரு வீட்டுத் தண்ணீரை எப்படித்தான் மதிப்பிடுவது? என் அனுபவத்தில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி, கண்ணால் பார்ப்பது. தண்ணீரை அல்ல, அது வரும் வழியை. அடிபம்பின் சிமெண்ட் மேடை வெடித்திருக்கிறதா? பத்து மீட்டருக்குள் கக்கூஸ் குழியோ செப்டிக் டேங்கோ இருக்கிறதா? குழாய் சாக்கடைக்குள் புகுந்து வருகிறதா? தரைத்தொட்டியின் மூடி தரைக்கு மேலே உயர்ந்து இருக்கிறதா, அல்லது மழைநீர் உள்ளே வழிகிறதா? உலக சுகாதார நிறுவனமே இதற்குப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட எளிய படிவங்கள் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பார்த்து எழுதலாம். ஆய்வுக்கூடம் இன்றைய தண்ணீரைத்தான் சொல்லும். இந்தப் பார்வை நாளைக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லும்.

ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரே வரிசையிலிருந்த வீடுகளில் மஞ்சள் காமாலை வந்தது. பம்ப் ஹவுஸில் எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது, குளோரினும் சரியாக இருந்தது. தண்ணீர் மேல் குற்றமில்லை என்று எழுதி ஃபைலை மூட இருந்தார்கள். கடைசி வீட்டுக் குழாயில் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்தால் நிறமே வரவில்லை. குளோரின் வழியில் எங்கோ செலவாகிவிட்டது. லைனைத் தொடர்ந்து போனோம். சாக்கடைக்குக் குறுக்கே போன பழைய ஜி.ஐ. குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. தண்ணீர் விடும்போது குழாயிலிருந்து வெளியே கசிவது கண்ணுக்குத் தெரியும். நிறுத்தியதும் குழாயில் வெற்றிடம் உண்டாகி, வெளியே நிற்கும் சாக்கடை நீரை உறிஞ்சிக்கொள்வது தெரியாது. இரண்டு வேளை மட்டும் நீர் விடும் எந்த ஊருக்கும் இந்த ஆபத்து உண்டு. நம் தெருவோர டைம் கோலில் முதலில் வரும் நீரைக் கொஞ்சம் ஓட விட்டுப் பிடிக்கிற பெண்கள் அறியாமல் செய்யவில்லை.

இரண்டாம் படி, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. குளோரின் பார்ப்பது ஒன்று: குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். மற்றொன்று, நம் நாட்டு அறிஞர்கள் உலகுக்குத் தந்தது. குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாஞ்சா முதலியோர் 1982-ல் வெளியிட்ட முறை. மருந்து தோய்த்த காகிதம் உள்ள சிறிய பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். மின்சாரம் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். சில நிலத்தடி நீர் இயற்கையிலேயே கந்தகம் கலந்திருப்பதால் கறுப்பதுண்டு. கறுக்காவிட்டால் நூற்றுக்கு நூறு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எதுவுமே பார்க்காமல் குடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி ஆய்வுக்கூடம். ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் அங்கேதான் சரியாகத் தெரியும். போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஒரு முறையாவது பார்த்தே ஆக வேண்டும். ஆழமான போரில் இந்தப் பகுதியில் ஆர்சனிக் பொதுவாகக் குறைவுதான். ஆனால் 'பொதுவாக' என்ற சொல்லை நம்பி யாரும் பாலம் கட்டுவதில்லை. ஆய்வுக்கூடத்தையும் ஓரளவுக்குத்தான் நம்ப வேண்டும். 1955-56-ல் டில்லியில் யமுனை நீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அபாயம் தெரிந்து குளோரினைக் கூட்டியதால் டைபாய்டு முதலியவை பெருகவில்லை. ஆனால் காமாலை வைரஸ் அந்தக் குளோரினையும் தாண்டி வந்துவிட்டது. ஆகவே மூன்று படிகளும் சேர்ந்துதான் மதிப்பீடு.

இப்போது ஆர்.ஓ. விஷயம். வீட்டுக்கு வரும் விற்பனைப் பிரதிநிதி ஒரு வேடிக்கை காட்டுவார். ஒரு டம்ளரில் உங்கள் குழாய் நீர், ஒன்றில் அவருடைய இயந்திர நீர். இரண்டிலும் மின்கம்பிகளை நுழைப்பார். உங்கள் தண்ணீர் சேறு போல் பழுப்பாகும், அவருடையது தெளிவாக இருக்கும். வீட்டம்மாள் அரண்டு போவார்! அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்த அழுக்கு அல்ல. அந்தக் கம்பியின் இரும்பு கரைந்து வருவது. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். உப்பில்லாத நீரில் பாயாது, கரையாது. அவ்வளவுதான் வித்தை. உப்பே மனிதனுக்கு ஆகாது என்று நிரூபிக்க இதைவிட மோசமான சோதனை கிடையாது.

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். அது மொத்த உப்பின் அளவைக் காட்டுகிறது. 300 என்று காட்டினால், அதில் நஞ்சு 0.05 இருந்தாலும் அதே 300-தான். கிருமி ஆயிரம் இருந்தாலும் அதே 300-தான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு ஏற்கத்தக்கது என்பது நம் தர நிர்ணயம். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் கூறியது. ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் இயந்திரம் அது. ஹூக்ளி நீரைச் சுத்தம் செய்து அனுப்பும் கார்ப்பரேஷன் குழாய்க்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. கொதிக்க வைத்தால் போதும். உவர் நீரோ, ஆர்சனிக் உள்ள போர் நீரோ என்றால் ஆர்.ஓ. உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள், வாங்கிய பிறகும் பரிசோதியுங்கள். அது குளோரினையும் எடுத்துவிடுவதால், பிடித்து வைத்த நீருக்குப் பிறகு பாதுகாப்பு கிடையாது.

அதற்கு மேல் நம் கையே இருக்கிறது. ஆதாரத்தில் சுத்தமாக இருந்த நீர் வீட்டுப் பானையில் கெட்டுப் போவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடத்துக்குள் விரலோடு டம்ளரை விடுவது, மூடாமல் வைப்பது, மேல்தொட்டியை வருஷக்கணக்கில் கழுவாமல் விடுவது ஆகியவைதான் காரணம். நம் பாட்டிமார்கள் குடிநீர்ப் பானையைத் தனியே வைத்து, மூடி, எச்சில் படாமல் மொண்டார்கள். அந்தப் பழக்கத்துக்கு மடி, ஆசாரம் என்று என்ன பெயர் வைத்தாலும், பானையைப் பொறுத்தவரை அது நல்ல இன்ஜினியரிங்.

"நாங்கள் சின்ன வயதில் ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்துத்தானே வளர்ந்தோம், என்ன ஆகிவிட்டது?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். வளர்ந்தவர்கள் கேட்கிறார்கள், வளராமல் போனவர்கள் வந்து கேட்க முடியாது. நம் பாட்டிமார்கள் எத்தனை பெற்றார்கள், எத்தனை தங்கின என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

"இதெல்லாம் சர்க்கார் வேலை" என்பது இன்னொரு வாதம். உண்மைதான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கோடிக்கணக்கான கிராம வீடுகளுக்குக் குழாய் வந்திருக்கிறது. கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. வரவேற்கிறேன். ஆனால் குழாய் எண்ணிக்கையையே சாதனையாகச் சொல்லும் பழைய வழக்கம் திரும்பிவிடக் கூடாது. குழாயை எண்ணுவது சுலபம். குழாயிலிருந்து வருவதை எண்ணுவதுதான் கஷ்டம்.

நம் சங்கம் என்ன செய்யலாம்? மூன்று காரியங்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, சோதனை பாட்டில்களும் குளோரோஸ்கோப்பும் வாங்கி, விரும்பும் உறுப்பினர் வீடுகளில் பார்க்கலாம். சமையலறைக் குழாயில் ஒன்று, தரைத்தொட்டியில் ஒன்று, குடிக்கும் பானையில் ஒன்று என எடுத்தால் எங்கே கெடுகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டாவதாக, போர் உள்ள கட்டடங்களின் நீரை ஆர்சனிக்குக்காக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவை லிஃப்ட் அருகே எல்லோரும் பார்க்க ஒட்டச் சொல்லலாம். மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

மூன்றாவதுதான் என் மனத்தில் முதலாவது. நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் மாஸி, காவலர், டிரைவர் ஆகியோரில் பலர் கானிங் லோக்கலிலும் லட்சுமிகாந்தபூர் லோக்கலிலும் விடியுமுன் வருகிறவர்கள். நமக்குக் கார்ப்பரேஷன் நீர், அதற்கு மேல் ஃபில்டர், அதற்கு மேல் கேன். அவர்கள் குழந்தைகள் எந்த அடிபம்பில் குடிக்கின்றன என்று நாம் கேட்டதுண்டா? வரும்போது ஒரு சுத்தமான பாட்டிலில் தங்கள் பம்பு நீரைக் கொண்டுவரச் சொல்லி, அதையும் நம் மாதிரிகளோடு சேர்த்து அனுப்பினால் சங்கத்துக்குப் பெரிய செலவாகிவிடாது. பொங்கல் விழா மேடை அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்தாலே போதும். பம்பு சிவப்பா பச்சையா என்று தெரிந்தால், பக்கத்துப் பச்சைப் பம்புக்கு நடந்து போவது அந்தத் தாய்க்குத் தெரியும். அதைத் தெரிவிப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது.

இந்த மண் நமக்கு வேலை தந்தது, வீடு தந்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதன் தண்ணீரையும் குடித்துத்தான் இத்தனை ஆண்டு இருந்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கும் கடமை நமக்கும் உண்டு. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணுகிறேன். குழாய், தொட்டி, சாக்கடை பார்க்கிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கூட வர இரண்டு இளைஞர்கள் கிடைத்தால் போதும்.